மடத்துப் பள்ளிகளும் ஆகஸ்ட் முதல் தேதியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்தோலிக்கப் பள்ளிகளின் சிக்கல் என்று பேச்சு எடுத்தாலே அரசியல் சட்டத்தின் 30 ஆவது பிரிவு, சிறுபான்மை உரிமை, உச்ச நீதிமன்றம் என்று பேச்சு மேலே மேலே போய்விடுகிறது. அந்த வழக்குகளின் அருமை எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் கடலூர் மாவட்டத்தில் அரசு மானியத்தில் ஆசிரியர் சம்பளம் தரும் ஓர் உதவி பெறும் பள்ளி தேய்ந்துபோவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் முதலில் புரட்டுவது வருகைப் பதிவேட்டைத்தான். அதிலும் ஆகஸ்ட் முதல் தேதிப் பக்கத்தை.

தமிழ்நாட்டில் உதவி பெறும் பள்ளி ஒன்றுக்கு எத்தனை ஆசிரியர் என்பதை ஆண்டுதோறும் அந்த ஒரு நாள் எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். பணியாளர் நிர்ணயம் என்று அதற்குப் பெயர். தொடக்கப் பள்ளிக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை அளவுகோல்: 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு, 121 முதல் 200 வரை ஐந்து. 91 பேர் படிக்கும் பள்ளியிலிருந்து ஜூலையில் ஒரு குடும்பம் பிழைப்புக்காகத் திருப்பூர் போய்விட்டால் நான்காவது பணியிடம் உபரி ஆகிவிடும். 61 பேரில் ஒரு பிள்ளை நின்றுவிட்டால் ஐந்து வகுப்புக்கும் இரண்டே ஆசிரியர். ஒருவர் ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் உட்கார்த்தி, எண்ணும் எழுத்தும் திட்டப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைக்கும் மாறி மாறிப் பாடம் நடத்த வேண்டும். நான்கும் ஐந்தும் இன்னொருவர் பொறுப்பு. அந்த இன்னொருவர்தான் தலைமையாசிரியர். எமிஸ் என்ற அரசின் கணினி மாணவர் பதிவு, சத்துணவுக் கணக்கு, வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டம் எல்லாம் அவர் தலையில். கூட்டம் நடக்கும் நாளில் ஐந்து வகுப்பையும் ஒரே ஆசிரியர் மேய்ப்பார்.

உயர்நிலைப் பள்ளியிலும் கதை இதுதான். 1997 ஆம் ஆண்டின் 525 ஆம் எண் அரசாணை சொல்லும் 40க்கு ஒருவர் என்ற விகிதம் அங்கே கத்தி.

உபரி என்று எழுதப்பட்ட ஆசிரியருக்குச் சம்பளம் நின்றுவிடாது. பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போவார், அல்லது ஓய்வு பெறும் வரை இங்கேயே இருப்பார். அவர் ஓய்வு பெற்ற நாளோடு பணியிடம் சரண், அதாவது அரசுக்கே திரும்பிவிடும். 1991-92 கல்வியாண்டுக்குப் பிறகு தொடங்கிய பள்ளிக்கோ வகுப்புக்கோ மானியம் இல்லை என்பது தமிழக அரசு கடைப்பிடித்துவரும் கொள்கை. அப்படியிருக்க, சரண் ஆன பணியிடம் பிள்ளைகள் கூடினால் திரும்ப வரும் என்று யாரும் நம்பவேண்டாம். கூடுதல் பணியிடம் கேட்டு அனுப்பும் கருத்துருக்கள் எந்த அலமாரியில் எத்தனை ஆண்டு தூங்கும் என்பது எழுத்தர்களுக்குத் தெரியும். ஒரு மறைமாவட்டமோ துறவற சபையோ நடத்தும் பள்ளிகளையெல்லாம் கூட்டு மேலாண்மை என்று ஒரே கணக்கில் வைத்துப் பார்ப்பதால், விழுப்புரம் பக்கம் ஒரு பள்ளியில் உபரி இருந்தால் கடலூரில் விழுந்த காலியிடத்தையும் நிரப்ப முடியாது. உபரியை முதலில் அங்கே அனுப்பு என்பார்கள். உபரி ஆசிரியர் வரலாறு, காலியிடம் கணக்கு என்றால் கோப்பு அப்படியே நிற்கும்.

அந்த ஒரு நாள் கணக்கில் பிள்ளை எப்படித் தவறிப்போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போன குடும்பங்கள் ஊர் திரும்புவதற்குள் ஜூலை பிறந்துவிடுகிறது. பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும்; எமிஸில் அதன் பெயர் முந்தைய பள்ளியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பள்ளி பெயரை காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு விடுவித்தால்தான் இந்தப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். அந்தப் பள்ளிக்கும் அதே ஆகஸ்ட் கணக்கு இருக்கிறதே, எப்படி விடும்? கேட்டால் சர்வர் வேலை செய்யவில்லை என்பார்கள். ஆதாரில் ஒரு பெயர், பிறப்புச் சான்றில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பெயர் வேறு என்று மூன்று பெயரோடு வரும் கிறிஸ்தவப் பிள்ளைகள் இதில் கூடுதலாக மாட்டிக்கொள்கிறார்கள். ஜூன் மூன்றாம் வாரத்துக்குள் எமிஸ் பட்டியலையும் வகுப்பு வருகைப் பதிவேட்டையும் பெயர் பெயராக ஒப்பிட்டு, ஒட்டாதவற்றைத் தேதியிட்ட கடிதத்தோடு வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். ஜூலை 28 ஆம் தேதி ஓடினால் வேலைக்காகாது.

தேவனாம்பட்டினம், தாழங்குடா, சிங்காரத்தோப்பு போன்ற கடலோரக் குப்பங்களுக்கு இன்னொரு நாட்காட்டி உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் காசு இல்லாத அந்த இரண்டு மாதத்தில்தான் தனியார் பள்ளிகள் சேர்க்கை நடத்தி முன்பணம் கேட்கின்றன. உதவி பெறும் தமிழ்வழிப் பிரிவில் கல்விக் கட்டணம் இல்லை, பாடநூல் இலவசம், மதிய உணவு உண்டு என்பதை அந்தக் குப்பங்களில் வீடு வீடாகப் போய்ச் சொல்லச் சரியான காலம் அது. அந்த நேரத்தில் நம் பள்ளிகளின் வாசலில் தொங்கும் பேனர் எதைச் சொல்கிறது? ஆங்கிலவழி, ஸ்மார்ட் வகுப்பறை, கராத்தே.

இந்தக் கடிதத்தை எழுதுவதே இதைச் சொல்லத்தான். ஒரே மதில் சுவருக்குள் இரண்டு பள்ளிகள் நடக்கின்றன. முன்பக்கம் புதுக் கட்டடத்தில் கட்டணம் வாங்கும் ஆங்கிலவழி. பின்பக்கம் ஓட்டுக் கட்டடத்தில் மானியம் வாங்கும் தமிழ்வழி. வாசல் ஒன்று, கோயில் ஒன்று, நிர்வாகமும் ஒன்று. ஏப்ரலில் சேர்க்கை கேட்டு வரும் தாயிடம் அலுவலகம் முதலில் நீட்டும் விண்ணப்பம் ஆங்கிலவழிக்கானது. கட்டணம் கட்ட முடியாது என்று அவர் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் தமிழ்வழி என்ற ஒன்று இருப்பதே அவர் காதில் விழுகிறது. இரண்டு ஆண்டு கட்டிப் பார்த்துவிட்டு மூன்றாம் ஆண்டில் முடியாமல் போகிறவர்கள் பின்கட்டடத்துக்கு வருவதில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு வேறு ஊர் அரசுப் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். சொந்த வீட்டு அடுப்பிலிருந்து நெருப்பெடுத்துச் சொந்தக் கூரையில் வைப்பது என்றால் இதுதான்.

நிர்வாகத்தின் பக்க நியாயமும் இல்லாமலில்லை. மானியம் ஆசிரியர் சம்பளத்துக்கு வருகிறது. கட்டடம், கழிவறை, காவலாளி, மின்கட்டணம் என்று மற்றவற்றுக்கு வரும் பராமரிப்புத் தொகை எந்த மூலைக்கும் போதாது. தமிழ்வழிப் பிள்ளையிடம் கட்டணம் வாங்கவும் கூடாது. ஆங்கிலவழியில் வரும் கட்டணத்தில்தான் பள்ளியே மூச்சு விடுகிறது என்கிறார்கள் தாளாளர்கள். சரி. அந்தக் கட்டணமும் 2009 ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் கட்டண நிர்ணயக் குழு வரையறுப்பது. தாளாளர் நினைத்தபடி ஏற்றிவிட முடியாது. ஆனால் தமிழ்வழி ஒவ்வொரு பணியிடமாகச் சரணாகித் தீர்ந்த பிறகு மிஞ்சுவது என்ன? ஊரில் உள்ள பத்து மெட்ரிக் பள்ளிகளோடு பதினொன்றாவது. அதற்குக் கன்னியர் மடம் எதற்கு, சபை எதற்கு? 1844 இல் புதுச்சேரியில் துப்புயி அடிகளார் மரியாவின் மாசற்ற இருதய சகோதரிகள் சபையைத் தொடங்கியது, அன்றைக்குப் பள்ளி வாசலையே பார்த்திராத தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க.

பிள்ளைகள் வெளியேறும் பெரிய வாசல் ஐந்தாம் வகுப்பு முடிவில் இருக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020 இல் வந்தது; பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு 2021 இல். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. எனவே முடிவெடுக்கும் இடம் பன்னிரண்டாம் வகுப்பு அல்ல, ஆறாம் வகுப்பு. மே மாதக் கடைசியில் மடத்துத் தொடக்கப் பள்ளிகளில் மாற்றுச் சான்றிதழ் வாங்க நிற்கும் வரிசையைப் பார்த்தால் போதும். பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்று ஆசிரியை பாராட்டினால், அதனால்தான் சிஸ்டர் டி.சி. கேட்கிறோம் என்கிறார்கள் பெற்றோர். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் முதலில் போகிறார்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு சரிகிறது. அதைப் பார்த்து அடுத்த ஆண்டு இன்னும் பத்துப் பேர்.

உதவி பெறும் பள்ளியில் படிப்பவரும் அரசுப் பள்ளியில் படிப்பவரும் ஒரே தெருப் பிள்ளைகள். ஒரே பாடநூல், ஒரே சத்துணவு. அரசே இதை மெல்ல மெல்ல ஒத்துக்கொண்டு வருகிறது. உயர்கல்விக்கு மாத உதவித்தொகை தர 2022 இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் முதலில் அரசுப் பள்ளி மாணவியருக்கு மட்டும். 2024-25 முதல் உதவி பெறும் பள்ளித் தமிழ்வழி மாணவியருக்கும் மாதம் 1,000 ரூபாய். ஆண் பிள்ளைகளுக்கென்று 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் தொடக்கத்திலேயே உதவி பெறும் பள்ளி மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. காலை உணவு 2024 ஜூலையில் ஊரகப் பகுதி உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புறப் பள்ளிகளுக்கும் வந்தது. உதவித்தொகையும் உணவும் வந்துவிட்டன. ஒதுக்கீடு மட்டும் வரவில்லை. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஒதுக்கீட்டை இருக்கிறபடியே செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆகவே சட்டமன்றத்தில் திருத்தம் கேட்பதே வழி. அரசுப் பள்ளிப் பிள்ளையின் 7.5ஐப் பங்கு போடாமல், உதவி பெறும் பள்ளித் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு சிறு விழுக்காடு கேட்பதுதான் முறை. பங்கு கேட்டால் ஏழையோடு ஏழையை மோதவிட்ட பழி நம்மேல் விழும், விழவும் வேண்டும்.

புதுச்சேரியில் விதிகள் வேறு, விளைவு ஒன்றே. யூனியன் பிரதேசத்துக்கென்று தனித் தேர்வு வாரியம் கிடையாது. புதுச்சேரி, காரைக்கால் தனியார் பள்ளிகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் நடக்கின்றன. 2024-25 முதல் அரசுப் பள்ளிகள் முழுவதும் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன. மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 விழுக்காடு உள்ஒதுக்கீடும் 2023-24 இல் வந்தது. கட்டணமில்லாத சிபிஎஸ்இ, மேலே 10 விழுக்காடு என்றால் உதவி பெறும் தமிழ்வழிப் பள்ளிக்குப் பெற்றோர் எதற்காக வருவார்கள்? சிபிஎஸ்இக்கு மாறினால் சரியாகிவிடும் என்று சில நிர்வாகங்கள் துடிக்கின்றன. வாரியத்தை மாற்றுவது பலகையை மாற்றுவது போன்றதல்ல. அரசுப் பள்ளிகள் மாறியபோது பாடத்தைவிட ஆசிரியர் பயிற்சிதான் பெரிய தலைவலி. பதினொன்றாம் வகுப்பில் நேராக மாற்றினால், பத்து வரை வேறு முறையில் கேள்வி பார்த்த பிள்ளை திணறும். மாறத்தான் வேண்டும் என்றால் ஆறாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏற வேண்டும். அதற்குள் உதவி பெறும் பிரிவின் மானியம் என்னவாகும் என்பதைக் கல்வித் துறையிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

விடுதிகள் போனதும் இந்த எண்ணிக்கைச் சரிவில் ஒரு பெரும் பங்கு. கள்ளக்குறிச்சி, விழுப்புரம் உள்கிராமங்களிலிருந்து வந்து போர்டிங்கில் தங்கிப் படித்த பிள்ளைகள்தான் பல மடத்துப் பள்ளிகளின் முதுகெலும்பு. 2014 ஆம் ஆண்டின் தமிழ்நாடு மகளிர், குழந்தைகள் விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு, தனிக் காப்பாளர், கண்காணிப்புக் கேமரா, தீயணைப்புச் சான்று எல்லாம் வந்தன. வரவேண்டியவைதான்; பிள்ளைகளின் பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. அதே சமயத்தில் 2020 வெளிநாட்டு நன்கொடைச் சட்டத் திருத்தம் ஒரு அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றுவதைத் தடுத்தது, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. தலைமை இல்லம் வாங்கிக் கிளை விடுதிகளுக்குப் பிரித்துக்கொடுத்த பழைய வழி அதோடு அடைபட்டது. செலவு ஏறி வரவு நின்றது. 60 பிள்ளை தங்கிய விடுதியைப் பூட்டிய சபை அடுத்த ஆகஸ்டில் இரண்டு பணியிடத்தை இழந்தது என்பது எங்கும் செய்தியாகவில்லை.

நியமனத்துக்கு வருவோம். ஒரு காலியிடம் விழுந்தால் நடக்க வேண்டிய வரிசை இது: பணியிடம் நிர்ணயத்துக்குள் இருக்கிறது, கூட்டு மேலாண்மையில் உபரி இல்லை என்று காட்டி நிரப்ப அனுமதி, பள்ளிக் குழுத் தீர்மானம், நியமன ஆணை, பணியேற்பு, பிறகு நியமன ஒப்புதலுக்கான கருத்துரு. ஒப்புதல் வந்தால்தான் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறும். எங்கே உடைகிறது என்றால், பல நிர்வாகங்கள் முதல் படியைத் தாண்டிக் குதித்து ஆளை வேலைக்கு வைத்துவிடுகின்றன. வகுப்பு காலியாகக் கிடக்கிறதே என்ற தவிப்பு புரிகிறது. ஆனால் கருத்துரு திரும்பி வரும்போது மாட்டிக்கொள்வது அந்த ஆசிரியை. நிர்வாகம் கையிலிருந்து கொடுக்கும் சில ஆயிரம் ரூபாய்க்கு ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு, பிறகு உயர் நீதிமன்றத்துக்கு வக்கீல் கட்டணமும் அவரே கட்டுகிறார். அவர் ஜெயித்தாலும் பாக்கித் தொகை கைக்கு வர இன்னொரு வழக்கு.

இதற்கு மேல் டெட், கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் வந்த ஆசிரியர் தகுதித் தேர்வு. 2014 மே 6 ஆம் தேதி பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்றது. அதைப் பிடித்துக்கொண்டு டெட் தேறாதவர்களை நியமித்தார்கள். 2025 செப்டம்பர் 1 ஆம் தேதி இரண்டு நீதிபதிகள் அமர்வு, மற்றப் பள்ளிகளில் ஐந்தாண்டுக்கு மேல் பணிக்காலம் மிச்சமுள்ளவர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேறியாக வேண்டும் என்று சொல்லி, சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய கேள்வியைப் பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பியது. நமக்குத் தப்பித்தோம் என்று இருக்க இடமில்லை. பெரிய அமர்வு பிரமதியை மாற்றினால் மறுநாளே கடிகாரம் ஓடத் தொடங்கும். 48 வயதுத் தமிழாசிரியை ஒருவர் இரண்டாம் தாளுக்கு உட்கார்ந்தால் 150 மதிப்பெண்ணில் குழந்தை உளவியல் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, சமூக அறிவியல் அல்லது கணிதம் அறிவியல் 60 எழுத வேண்டும். தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மீதி 120 தான் மலை. நிர்வாகங்கள் இப்போதே டெட் தேறியவர்களை மட்டும் நியமிக்கட்டும். இருப்பவர்களுக்குச் சனிக்கிழமைகளில் பயிற்சி வகுப்பு நடத்தட்டும். கல்லூரி வைத்திருக்கும் சபைகளுக்கு இது பெரிய காரியமல்ல.

துறவியர் ஆசிரியர்களின் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பற்றிப் பெரிய புலம்பல் கேட்கிறது. சம்பளம் முழுவதும் சபைக்குப் போகிறது, கையில் ஒரு காசு நிற்பதில்லை என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. எங்கள் கணிப்பில் பள்ளியைச் சாய்க்கப்போவது இது அல்ல. 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரியில்லை. சம்பளக்காரர்களுக்கு நிலைக்கழிவு 75,000 சேர்த்தால் 12.75 லட்சம். மூத்த தலைமையாசிரியைகள் சிலரைத் தவிர மற்றவர்களுக்கு வரி பெரும்பாலும் விழாது. கணக்கைச் சரியாகத் தாக்கல் செய்தால் போதும். உண்மையான இழப்பு வேறு. 60 வயதில் ஒரு சிஸ்டர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு பி.எட். முடித்து டெட் தேறிய இளம் சிஸ்டர் சபையில் இல்லை. சபைக்கு வந்துகொண்டிருந்த சம்பளம் நிற்கிறது. ஒப்புதல் வராத ஆசிரியைகளுக்கு அந்தச் சம்பளத்திலிருந்துதான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கட்டடத்தைப் பற்றிச் சுருக்கமாக. அங்கீகாரம் புதுப்பிக்க நான்கு சான்று வேண்டும்: கட்டட உறுதி, வட்டாட்சியரின் கட்டட உரிமம், தீயணைப்பு, சுகாதாரம். 2004 ஜூலை 16 இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் கருகிய பிறகு இதில் யாரும் முணுமுணுக்கக் கூடாது. ஆனால் நூறாண்டுக் கட்டடங்களை எங்கள் பக்கம் பழுது பார்க்கும் விதம் தவறு. சுண்ணாம்புக் காரைச் சுவரின் மேல் சிமென்ட் பூசுகிறார்கள். கடற்காற்றில் ஊறிய உப்பும் ஈரமும் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று, இரண்டு மழைக்காலத்தில் பூச்சு பொருமி உதிர்கிறது. பொறியாளர் வந்து பார்த்துவிட்டுக் கட்டடம் உறுதியில்லை என்று எழுதுகிறார். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான் பூச வேண்டும். புதுச்சேரியில் பழைய கட்டடங்களைச் செப்பனிட்ட கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். 2011 தானே புயலில் ஓடு பறந்த கூரைகளுக்கு அவசரத்தில் போட்ட தகரம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. மே மாதச் சேர்க்கைக்கு வரும் பெற்றோர் அந்தத் தகரத்தின் கீழே ஐந்து நிமிடம் நின்றாலே முடிவு எடுத்துவிடுவார்கள்.

மதம், சாதி இரண்டையும் பேசாமல் கடிதத்தை முடிக்க மனம் வரவில்லை. நம் பள்ளிகளில் மற்ற மதத்துப் பிள்ளைகள் பெருவாரியாகப் படிக்கிறார்கள். உதவி பெறும் பள்ளியில் பெற்றோரின் சம்மதமின்றி எந்தப் பிள்ளையையும் மத போதனையிலோ வழிபாட்டிலோ உட்கார வைக்கக் கூடாது என்பது அரசியல் சட்டத்தின் 28 ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2024 இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பிற மதப் பிள்ளைகள்மேல் நம் வழக்கங்களைத் திணிக்கக் கூடாது, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அரசியல் சட்ட முகப்புரையை வாசிக்க வேண்டும் என்றது. நடைமுறையில் செய்ய வேண்டியது சின்ன விஷயம்தான். சேர்க்கை விண்ணப்பத்தில் சம்மதத்துக்குத் தனி இடம் விட்டுத் தமிழில் அச்சிட வேண்டும். கிறிஸ்தவப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும் அதே பாடவேளையில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு உண்மையிலேயே நடக்க வேண்டும். இப்போது அந்த வேளையில் மற்றப் பிள்ளைகளை மைதானத்தில் விட்டுவிடுகிறார்கள், அல்லது கணக்கு ஆசிரியர் பிடுங்கிக்கொள்கிறார்.

சாதி விஷயத்தில் சிரமம் இன்னும் ஆழம். புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தில் தலித் கத்தோலிக்கர்களே மிகுதி. 1950 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியில் வருவதால், இவர்கள் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர். ஆனாலும் தமிழக அரசு மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் என்ற தனி இனத்தில் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்கு உட்பட்டவர்களுக்கு மேற்படிப்பு உதவித்தொகை தருகிறது. பள்ளி எழுத்தரோ கல்லூரி எழுத்தரோ விண்ணப்பத்தில் வெறுமனே பி.சி. என்று அழுத்திவிட்டால் பிள்ளைக்கு அது போய்விடும். சாதிச் சான்றிதழின் இரண்டாவது வரியைப் படிக்கச் சொல்லி எழுத்தர்களுக்கு அரை நாள் பயிற்சி கொடுத்தால் தீரும் இழப்பு இது. நியமனங்களில் இவர்களுக்கு உரிய இடம் கிடைப்பதில்லை, பணம் கைமாறுகிறது என்ற பேச்சு ஊர் முழுக்க இருக்கிறது. பேச்சை அடக்க ஒரே வழி காலியிடத்தைப் பங்குக் கோயில் அறிவிப்புப் பலகையிலும் நாளிதழிலும் விளம்பரம் செய்து, எழுத்துத் தேர்வு வைத்து, மதிப்பெண் பட்டியலைச் சுவரில் ஒட்டுவது. 2016 இல் ஆயர் பேரவை வெளியிட்ட தலித் கொள்கை அலமாரியில் இருப்பதால் யாருக்கும் வேலை கிடைத்துவிடவில்லை.

கல்லூரிகளின் கதை தனிக் கடிதம் கேட்கும். ஒன்று மட்டும்: கடலூர் மாவட்டக் கல்லூரிகள் 2021 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின்கீழ் வந்தபோது அலைச்சல் குறைந்தது. ஆனால் வணிகவியலுக்கும் கணினி அறிவியலுக்கும் கூட்டம் நெரிய, தமிழும் வரலாறும் இயற்பியலும் இடம் நிரம்பாமல் கிடக்கின்றன. நாளைக்கு மடத்துப் பள்ளிக்கு வேண்டிய தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் அந்த வகுப்புகளிலிருந்துதான் வரவேண்டும். சேர்கிற பிள்ளைக்குக் கட்டணத்தில் பாதியை முன்னாள் மாணவர் சங்கம் ஏற்றால் அந்த வகுப்புகள் பிழைக்கும்.

அரசிடம் எங்கள் வேண்டுகோள், ஒரு நாள் எண்ணிக்கைக்குப் பதிலாக மூன்று ஆண்டுச் சராசரியை வைத்துப் பணியிடத்தை நிர்ணயிக்க வேண்டும் என்பது. ஒரு பிள்ளை குறைந்ததற்காக ஒரு பணியிடத்தை எடுப்பது அரசின் கணக்குக்கும் நல்லதல்ல. உபரி ஆசிரியரை ஊர் ஊராகச் சுமக்கும் செலவும் அரசுக்குத்தான். மறைமாவட்டத்திடமும் சபைகளிடமும் கேட்பது இதைவிடச் சுலபமானது. வரும் ஏப்ரலில் ஒவ்வொரு வளாகத்திலும் ஆங்கிலவழிச் சேர்க்கையைப் பத்து நாள் தள்ளிவைத்து, முதலில் தமிழ்வழி முதல் வகுப்பையும் ஆறாம் வகுப்பையும் நிரப்புங்கள். தமிழ்வழி ஒன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் பேச வைக்க ஒரு ஆசிரியையை நிர்வாகச் சம்பளத்தில் போடுங்கள். ஆங்கிலம் கிடைக்காது என்பதுதான் தாய்மார்களின் ஒரே பயம். கடந்த பத்து ஆண்டில் எந்தப் பள்ளியில் எத்தனை பணியிடம் சரணானது என்ற பட்டியலை மறைமாவட்டக் கல்விச் செயலகம் பங்குப் பேரவைகளுக்கு அனுப்பட்டும். ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கும் பணியாளர் நிர்ணய ஆணைகளைத் தேதிவாரியாக அடுக்கினால் ஒரு வாரத்தில் தயாராகிவிடும்.

இப்படிக்கு,
உதவி பெறும் பள்ளிகளில் தலைமையாசிரியராகவும் தாளாளராகவும் இருந்து ஓய்வு பெற்ற சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.